ஞாயிறு காலைக் கடிதம்: இங்கிலாந்தின் பிரெப் பள்ளிகள், அன்றும் இன்றும்

எட்டு வயதில் மகனை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவது, இங்கிலாந்தின் வசதியுள்ள குடும்பங்களில் நூறாண்டுக்கும் மேலாக யாரும் கேள்வி கேட்காத வழக்கமாக இருந்தது. செப்டம்பர் நெருங்கினால் பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கும். சட்டை, காலுறை, துண்டு, போர்வை என ஒன்று விடாமல் பையனின் பெயர் நெய்த சின்ன நாடாவை வைத்துத் தைப்பார்கள். சாம்பல் நிற அரைக்கால்சட்டை, தொப்பி, கழுத்தில் டை. ரயிலடியில் அழக் கூடாது என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த விதி. அம்மாவுக்கும் அதே விதிதான்.

பையன் போய்ச் சேரும் இடம் பிரெப் ஸ்கூல். ஈட்டன், ஹாரோ, வின்செஸ்டர் போன்ற பெரிய பள்ளிகளில் 13 வயதில் சேர்வதற்கு ஆயத்தம் செய்கிற பள்ளி. நாட்டுப்புறத்திலோ கடலோர ஊரிலோ ஒரு பழைய மாளிகை, அதைச் சுற்றி மைதானம், பல பள்ளிகளில் நூறு பையன்கள்கூடத் தேற மாட்டார்கள். பள்ளியின் உரிமையாளரே தலைமை ஆசிரியர். சமையலறையும் படுக்கைக்கூடங்களும் அவர் மனைவியின் பொறுப்பு. ஆகவே பையனுக்கு ஒரு குறை என்றால் முறையிட வேறு ஆளே கிடையாது. இந்தப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் 1892இல் முதன்முறையாகச் சங்கமாகக் கூடியதற்குக் காரணம் சிறுவர்களுக்கான கிரிக்கெட் பந்து எந்த அளவில் இருக்க வேண்டும் என்ற பேச்சு. விளையாட்டுக்கு அங்கே அவ்வளவு பெரிய இடம் இருந்தது.

நம் பக்கத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. சென்னை மாகாணத்தில் கலெக்டராக இருந்த வெள்ளைக்காரரும், நீலகிரியிலும் இலங்கை மலைகளிலும் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட துரைமாரும் தங்கள் பையன்களைக் கப்பலேற்றி இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். காய்ச்சல் பயம் ஒன்று. பிள்ளை இந்த மண்ணின் பேச்சும் பழக்கமுமாக வளர்ந்துவிடுவானோ என்ற பயம் இன்னொன்று. அந்தப் பையன்களில் பலர் தகப்பன் முகத்தைப் பல ஆண்டுகள் பார்க்காமலே வளர்ந்தார்கள். விடுமுறைக்கு அத்தை வீடு, அதுவும் இல்லாவிட்டால் காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் யார் வீடாவது. பேரரசை நடத்த ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளை வீட்டு நினைப்பு வராதவனாக எட்டு வயதிலேயே வார்க்கும் பட்டறையாகத்தான் பிரெப் பள்ளி அந்நாளில் வேலை செய்தது.

அன்றையும் இன்றையும் பாடத்திட்டம், கட்டடம், கட்டணம் என்று எத்தனையோ விதத்தில் ஒப்பிடலாம். எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது ஒன்றுதான். அங்கே இருக்கும் பையன் தன் மனதில் உள்ளதை வீட்டுக்குச் சொல்ல ஒரு வழி இருந்ததா, இன்று இருக்கிறதா?

அன்று இருந்த ஒரே வழி ஞாயிற்றுக்கிழமைக் கடிதம். காலையில் தேவாலயம் போவதற்கு முன் எல்லோரும் வகுப்பில் உட்கார்ந்து வீட்டுக்கு எழுத வேண்டும். எழுத்தாளர் ரோல்ட் டால் 1925இல் வெஸ்டன்-சூப்பர்-மேர் என்ற கடலோர ஊரின் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளிக்குப் போனார். அப்போது அவருக்கு 9 வயது. தலைமை ஆசிரியர் பையன்களின் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டே நடப்பார் என்றும், எழுத்துப்பிழை திருத்துவது போலத் தெரிந்தாலும் பள்ளியைப் பற்றி யாரும் தவறாக எழுதிவிடாமல் பார்த்துக்கொள்வதே அதன் நோக்கம் என்றும் அவர் 1984இல் வந்த தன் பால்யகால நூலில் சொல்கிறார். ஆகவே கடிதங்களில் கால்பந்து இருக்கும், வானிலை இருக்கும், தபால்தலை அனுப்பச் சொல்லிக் கேட்பது இருக்கும். அழுத கதை இருக்காது. அவர் எழுதிய கடிதங்களை அவருடைய தாய் ஒன்று விடாமல் நாடா கட்டிப் பாதுகாத்து வைத்திருந்தது, அந்த அம்மா இறந்த பிறகுதான் மகனுக்குத் தெரிந்தது. அறுநூறுக்கும் மேல்.

அந்தப் பையன் வீடு பிரிஸ்டல் கால்வாய்க்கு அக்கரையில், வேல்ஸில் இருந்தது. இரவில் எந்தப் பக்கம் வீடோ அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வானாம். ஒருமுறை குடல்வால் வலி என்று நடித்து வீடு போய்ச் சேர்ந்தான். குடும்ப மருத்துவர் தொட்டுப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் காட்டிக்கொடுக்காமல் சில நாள் வீட்டில் இருக்க விட்டார். எழுத்தில் சொல்ல முடியாததை அந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். அந்த டாக்டருக்குப் புரிந்தது.

பள்ளி நாள் முழுக்க மணியில் ஓடும். விடியலில் குளிர்ந்த தண்ணீர். நீளப் படுக்கைக்கூடத்தில் வரிசையாக இரும்புக் கட்டில்கள். பல பள்ளிகளில் கூடங்களுக்குக் கடற்படைத் தளபதிகளின் பெயர். மேட்ரன் எனப்படும் விடுதித் தாதி தலையில் பேன் பார்ப்பார், கால் நகம் பார்ப்பார், ஸ்பூன் ஸ்பூனாக மீன் எண்ணெய் ஊற்றுவார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை, குடும்பப் பெயர்தான். அண்ணன் தம்பி ஒரே பள்ளியில் இருந்தால் ஸ்மித் மேஜர், ஸ்மித் மைனர். மூன்றாவதாக ஒருவன் வந்தால் அவன் மினிமஸ். வீட்டில் டாம் என்றும் பில்லி என்றும் கூப்பிட்டுப் பழகிய குழந்தை தன் சொந்தப் பெயரைக் காதால் கேட்கவே கிறிஸ்துமஸ் விடுமுறை வரை காத்திருக்க வேண்டும்.

படிப்பு என்றால் முதலில் லத்தீன், பிறகு லத்தீன், பிறகுதான் மற்றதெல்லாம். 1904இல் வந்த காமன் என்ட்ரன்ஸ் என்ற பொது நுழைவுத் தேர்வுதான் இலக்கு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வகுப்பில் யார் எத்தனையாவது இடம் என்று உரக்க வாசிக்கிற பழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. உதவித்தொகையோடு பெரிய பள்ளிக்குப் போனவன் பெயர் மரப்பலகையில் தங்க எழுத்தில் ஏறும். கென்னடி என்பவர் எழுதிய லத்தீன் இலக்கண நூல் தலைமுறை தலைமுறையாகப் பையன்கள் கையில் இருந்தது. அதன் அட்டையில் சில எழுத்துகளை மையால் திருத்தி, லத்தீன் புத்தகத்தைப் பிஸ்கட் தின்னும் புத்தகமாக ஆக்கிவிடுவார்கள். தாத்தா திருத்தினார், அப்பா திருத்தினார், பேரனும் அதையே திருத்தினான். எத்தனை அடி விழுந்தாலும் இந்தக் குறும்பு சாகவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அடியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பள்ளிகளைப் பற்றிப் பேச முடியாது. பிகாரின் மோத்திஹாரியில் 1903இல் பிறந்த எரிக் பிளேர், அபினி இலாகாவில் வேலை பார்த்த ஒருவரின் மகன். 1911இல், 8 வயதில், ஈஸ்ட்போர்ன் ஊரின் செயின்ட் சிப்ரியன்ஸ் பள்ளிக்குப் போனான். பள்ளி சேர்ந்த புதிதில் இரவில் படுக்கையை நனைத்துவிட்டதற்காக அடி விழுந்தது. குதிரைச் சவுக்கு முறியும் அளவுக்கு அடி. தூக்கத்தில் தன்னை அறியாமல் நேர்ந்துவிடுவதற்குக்கூடத் தண்டனை உண்டு என்றால், தான் வேண்டாமலே பாவம் செய்துவிட முடியும் என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டிக்கொண்டான். குறைந்த கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டவன் என்பதைச் சொல்லிக்காட்டவும் தவறவில்லை. ஜார்ஜ் ஆர்வெல் என்ற எழுத்தாளராக உலகம் அறிந்த பிறகு அவர் இதையெல்லாம் ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார். 1950இல் அவர் இறந்தார். கட்டுரை 1952இல் அமெரிக்காவில் அச்சேறியது. பிரிட்டனில் அவதூறு வழக்கு வந்துவிடும் என்ற பயத்தில் 1968 வரை வெளிவரவில்லை. உடன் படித்தவர்களில் சிலர், அந்தப் பள்ளி அவ்வளவு மோசமில்லை என்று மறுத்தார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஒரே கூடத்தில் படுத்தவர்களில் ஒருவனுக்கு அது விளையாட்டுக் காலமாகவும் இன்னொருவனுக்கு நரகமாகவும் இருந்திருக்க முடியும். ஆனால் 8 வயதில் அடிபட்டவன் சொன்னது அந்த நாட்டில் வெளிவர ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது என்பதை மறுக்க யாராலும் முடியாது.

மகிழ்ச்சியும் இருந்தது. அதை மறைத்தால் சித்திரம் பொய்யாகிவிடும். வீட்டிலிருந்து கொண்டுவந்த டக் பாக்ஸ் என்ற தின்பண்டப் பெட்டி, பூட்டும் சாவியுமாக ஒவ்வொருவனுக்கும் ஒன்று. அதுதான் அந்த மாளிகை முழுவதிலும் அவனுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே இடம். கேக்கை யாரோடு பங்கு போட்டான் என்பதில் வாழ்நாள் நட்புகள் பிறந்தன. பள்ளிக்குப் பின்னால் காடு, காட்டில் மரக்கிளைகளால் கட்டிய குடிசைகள், பெரியவர்கள் எட்டிப் பார்க்காத நீண்ட மாலைகள். இலையுதிர்காலத்தில் காட்டுக்கொட்டையைக் கயிற்றில் கோத்து ஒன்றோடொன்று மோதவிடும் ஆட்டம். நல்ல ஆசிரியர்களும் வாய்த்தார்கள். கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1930களின் முற்பகுதியில் கோல்வால் கிராமத்து டவுன்ஸ் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். ஆக்ஸ்போர்டின் டிராகன் பள்ளியில் தலைமை ஆசிரியரைப் பையன்கள் 'ஸ்கிப்பர்' என்றே அழைத்தார்கள், பெண்பிள்ளைகளையும் அங்கே மிக முன்னதாகவே சேர்த்துக்கொண்டார்கள். எல்லாப் பள்ளியும் ஒரே அச்சு அல்ல.

இந்த மகிழ்ச்சிப் பக்கம்தான் வெளியுலகுக்குப் பரவியது. ஆன்டனி பக்கரிஜ் படைத்த ஜென்னிங்ஸ் என்ற பையனின் குறும்புகள் 1948இல் பிபிசி வானொலியில் தொடங்கி 1950 முதல் புத்தகமாக வந்தன. 1953இல் ஜெஃப்ரி வில்லன்ஸும் ஓவியர் ரொனால்ட் சேர்லும் மோல்ஸ்வர்த் என்ற, எழுத்துப்பிழையோடு எழுதும் பையனின் கதையைப் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். நாடே சிரித்தது. நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் ஒரு சமூகம் தன் பிள்ளைகளின் துன்பத்தை நகைச்சுவையாக மட்டுமே சொல்லிப் பழகிவிட்டால், நிஜமாகவே துன்பப்படுகிறவன் வாய் திறக்கும்போது எல்லோரும் வேடிக்கைக் கதையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

மாற்றம் எப்படி வந்தது? பள்ளிகள் தாமாக மனம் மாறியதால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது. அரசுப் பள்ளிகளில் பிரம்படியை நிறுத்தும் முடிவு 1986இல் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், 231க்கு 230 என்று நிறைவேறியது. 1987இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளிகளுக்கு அது பொருந்தவில்லை. இங்கிலாந்தில் அங்கேயும் தடை வந்தது 1999இல்தான். தொழிலாளி மகனை அடிக்கக் கூடாது என்று சட்டம் சொன்ன பிறகும் பணக்காரர் மகனை அடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் அனுமதி இருந்தது. பெற்றோர் காசு கொடுத்து வாங்கியது இதையும் சேர்த்துத்தான்.

இடையில் நடந்த ஒரு வழக்கு நினைவில் வைக்கத் தக்கது. 1985இல் டெவன் மாவட்டத்தின் ஒரு பிரெப் பள்ளியில், தாழ்வாரத்தில் பேசியது, படுக்கைக்குத் தாமதமாகப் போனது போன்ற சின்னச் சின்னத் தவறுகளுக்காக 7 வயதுப் பையனுக்கு ரப்பர் அடி கொண்ட செருப்பால் மூன்று அடி கொடுத்தார் தலைமை ஆசிரியர். வழக்கு ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 1993இல் தீர்ப்பு வந்தது: இந்த அடி மனித உரிமை மீறல் என்று சொல்லும் அளவுக்குக் கொடியது இல்லை என்று ஐந்து நீதிபதிகளும், மீறல்தான் என்று நான்கு பேரும் சொன்னார்கள். பையன் தோற்றான். ஆனால் பள்ளி தனியாருடையது என்பதால் அரசு கை கழுவிவிட முடியாது என்பதை அதே நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியது. என் பார்வையில், தோற்ற அந்த வழக்குத்தான் பிரம்புக்கு முடிவு நாள் குறித்தது.

பிரம்பைவிட முக்கியமானது மற்றொரு மாற்றம். 1986இல் சைல்ட்லைன் என்ற இலவசத் தொலைபேசிச் சேவை பிரிட்டனில் தொடங்கியது. எந்தப் பிள்ளையும் யாரிடமும் அனுமதி கேட்காமல் கூப்பிடலாம். 1989இல் வந்த குழந்தைகள் சட்டம், தனியார் விடுதிப் பள்ளிகளிலும் பிள்ளைகளின் நலத்தை அரசு அதிகாரிகள் நேரில் வந்து பார்க்க வழி செய்தது. விடுதிகளுக்கென்று குறைந்தபட்சத் தரவிதிகள் பிறகு வந்தன. பிள்ளை வீட்டோடு தனிமையில் பேச வசதி இருக்க வேண்டும். பள்ளி நிர்வாகத்தோடு சம்பந்தமில்லாத வெளியாள் ஒருவர் பிள்ளைகளின் குறை கேட்க நியமிக்கப்பட வேண்டும். அவர் பெயரும் எண்ணும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோளுக்குப் பின்னால் நின்று கடிதம் படித்த தலைமை ஆசிரியரின் காலத்துக்கும் இந்த விதிக்கும் உள்ள தூரம்தான் இந்தப் பள்ளிகளின் உண்மையான வரலாறு என்பேன்.

ஒரே குடும்பத்தில் இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். இப்போதைய மன்னர் சார்ல்ஸ் 1957இல், 8 வயதில், சீம் பள்ளியில் விடுதி மாணவனாகச் சேர்ந்தார். அங்கே அவர் மகிழ்ச்சியாக இல்லை. அவர் மகன் வில்லியம் 1990இல், அதே 8 வயதில், லட்க்ரோவ் பள்ளி விடுதிக்குப் போனார். வில்லியத்தின் மகன் ஜார்ஜ் 2022இல் பெர்க்ஷயரின் லாம்புரூக் பள்ளியில் சேர்ந்தபோது வயது 9. தங்கையும் தம்பியும் அதே பள்ளியில், அதே நாளில். அதுவும் ஒரு காலத்தில் பையன்கள் மட்டும் படித்த இடம். மூன்று பிள்ளைகளும் காலையில் போய் மாலையில் வீட்டுக்குத் திரும்பும் மாணவர்களாகத்தான் சேர்ந்தார்கள். சீம் பள்ளியிலும் இன்று பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இன்றைய படுக்கைக்கூடத்தில் தரைவிரிப்பு இருக்கிறது, கால்பந்து அணியின் சின்னம் போட்ட மெத்தைப் போர்வை இருக்கிறது, கரடிப் பொம்மை இருந்தால் யாரும் கேலி செய்வதில்லை. மேட்ரன் இன்னும் இருக்கிறார், மீன் எண்ணெய்தான் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு இரவு மட்டும் தங்குவது, வெள்ளி மாலை வீடு போய் ஞாயிறு இரவு திரும்புவது என்று பல வகை ஏற்பாடுகள். 8 வயதிலிருந்து முழு நேரமும் விடுதியில் என்பது மிகவும் குறைந்துவிட்டது. அன்று தேயிலைத் தோட்டத்துப் பையன் கப்பலில் வந்தான். இன்று சீனப் பையனும் ஸ்பெயின் பையனும் விமானத்தில் வருகிறார்கள், ஆனால் மாலையில் அம்மாவின் முகத்தைத் திரையில் பார்க்கிறார்கள்.

லத்தீன் பல இடங்களில் ஓரம் போய்விட்டது. தேர்வு பயம் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. பெரிய பள்ளிகள் பல இப்போது 11 வயதிலேயே கணினித் தேர்வு வைத்துப் பையன்களைத் தேர்ந்தெடுத்துவிடுகின்றன. அதற்குத் தனிப்பயிற்சி, வீட்டில் பதற்றம் எல்லாம் உண்டு. 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வரி சேர்ந்ததால் சிறிய பள்ளிகளின் நிலைமை இன்னும் இறுக்கமாகியிருக்கிறது. காட்டில் குடிசை கட்டும் மாலைகளும் பெருமளவு போய்விட்டன. எந்நேரமும் ஒரு பெரியவர் கண்காணிப்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பழைய சுதந்திரம் கிடைக்காது. அது நிஜமான இழப்பு. ஆனாலும் தராசில் வைத்தால், தன் மனதைச் சொல்ல வழி உள்ள இன்றைய பையனின் தட்டுத்தான் கனமானது.

பழைய மாணவர்களின் நினைவுகளும் இப்போது வேறு குரலில் வருகின்றன. நீண்ட காலம் வகுப்புத் தோழர்கள் கூடினால் பிரம்படியைப் பதக்கம் போலச் சொல்லிச் சிரிப்பதுதான் வழக்கமாக இருந்தது. உளவியலாளர் ஜாய் ஷாவெரியன், சிறுவயதில் விடுதிக்கு அனுப்பப்பட்டவர்களிடம் காணும் மனக்காயங்களைப் பற்றி 2015இல் ஒரு நூலே எழுதினார். இளவரசி டயானாவின் தம்பி சார்ல்ஸ் ஸ்பென்சர் தன் பிரெப் பள்ளியில் அனுபவித்த கொடுமைகளை, ஏறக்குறைய 50 ஆண்டுகள் கழித்து, 2024இல் புத்தகமாக வெளியிட்டார். அவரைப் போன்ற இடத்தில் பிறந்தவருக்கே இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இந்தப் பள்ளிகளின் சாயலில்தான் ஊட்டியிலும் ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் நம் மலைப்பள்ளி விடுதிகள் எழுந்தன. அவை தவிர, மதிப்பெண்ணுக்காகவே நடத்தப்படும் ஹாஸ்டல்கள் இன்று சமவெளி முழுவதும் இருக்கின்றன. பிள்ளையை அங்கே சேர்க்கப் போகும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். தேர்ச்சி விகிதம் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: என் பிள்ளை என்னோடு போனில் பேசும்போது பக்கத்தில் யார் நிற்பார்கள்? தனியாகப் பேச விடுவீர்களா? வார்டன் மீதே குறை என்றால் அவன் யாரிடம் போவான்? நேரான பதில் வராத விடுதியில் சேர்க்காதீர்கள். இந்தியா முழுவதும் குழந்தைகளுக்கான உதவி எண் 1098. தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கு 14417. பெட்டி கட்டும் நாளில் இந்த இரண்டு எண்களையும் பிள்ளைக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்லிக்கொடுங்கள்.